தெரு முட்டாமல் போகட்டும்: பெருநகர எல்லைக்குள் வந்த கிராம சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களில், சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஊர்களின் கிராம சபையோருக்கு,

2022 அக்டோபரில் வெளியான அரசாணை உங்கள் ஊர்களைப் பெருநகர எல்லைக்குள் கொண்டுவந்தது. அதுவரை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மேற்கே அரக்கோணம் வட்டம் வரை போய்விட்டது. ஆணை வந்த மறுநாளும் உங்கள் ஊரில் மாடு மேய்ந்திருக்கும். ஏரியில் தண்ணீர் நின்றிருந்தால் நாற்று விட்டிருப்பீர்கள். ஆனால் கழனியில் வரிசையாகக் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்’ என்று பேனர் வைக்கும் வேலை பல ஊர்களில் அரசாணைக்கு முன்பே தொடங்கிவிட்டது. மற்ற ஊர்களுக்கும் வரும். அதற்குள் தெருக்களைப் பற்றி உங்களிடம் பேசிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

ஊராட்சித் தலைவருக்கோ செயலருக்கோ எழுதாமல் கிராம சபைக்கு எழுதுகிறேன். தலைவர்கள் மாறுவார்கள், பதவிக் காலம் முடிந்து அதிகாரிகளின் பொறுப்பில் ஊராட்சி ஓடும் காலமும் வரும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் உறுப்பினராக இருக்கும் சபை உங்களுடையது. எந்த வரப்பு எங்கே போய்ச் சேர்கிறது, மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கமாகப் போனால் கால் நனையாது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

நிலத்தின் விலை, ஏரி ஆக்கிரமிப்பு, நிலத்தடி நீர் பற்றியெல்லாம் உங்களிடம் பேசப் பலர் வருவார்கள். வரவும் வேண்டும். தெருவைப் பற்றிப் பேச யாரும் வருவதில்லை. வீட்டை இடித்துக் கட்டலாம். குழாயைத் தோண்டி மாற்றலாம். விளக்குக் கம்பம் இன்று இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்து வரும். தெருவின் கோடு மட்டும் அப்படியில்லை. இரண்டு பக்கமும் மனை விற்று, பத்திரம் பதிந்து, பட்டா மாறிவிட்டால், உங்கள் பேரன் பேத்திகளின் காலத்திலும் அந்தக் கோடு அசையாது.

மதுரையை நினைத்துப் பாருங்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ளே ஆடி வீதிகள்; வெளியே சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள் என்று சதுரத்தைச் சுற்றிச் சதுரமாகத் தெருக்கள். நாயக்கர் காலத்தில் உருப்பெற்ற அந்த அமைப்பில்தான் இன்றும் மாசி வீதியில் தேர் ஓடுகிறது. ஷேர் ஆட்டோவும் ஓடுகிறது. ஆட்சிகள் பல மாறிவிட்டன, வீதிகள் மாறவில்லை. அதிலும் வெளி வீதிகளின் கதை நமக்கு முக்கியமானது. அவை முன்பு கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த இடம். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். ஊரை அடைத்து நின்ற கோடே ஊரைச் சுற்றிவரும் தெருவானது. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்கள் அந்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள்தான்.

சென்னையிலும் தெருவை முதலில் நினைத்துப் போட்ட இடங்கள் உண்டு. 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில், மயிலாப்பூரின் நெடிய ஏரியைத் தூர்த்து தியாகராய நகரை உருவாக்கினார்கள். அந்த ஏரி போனது பெரிய இழப்பு. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர் மட்டும் மிச்சம். ஆனாலும் தெருக்களைப் போட்டவர்கள் அவற்றைச் சேர்த்துப் போட்டார்கள். பனகல் பூங்காவைச் சுற்றி உஸ்மான் சாலை, வெங்கடநாராயணா சாலை, ஜி.என்.செட்டி சாலை, தியாகராய சாலை எனப் பெரிய சாலைகள் பிரிகின்றன. அவற்றுக்கு நடுவே சின்னத் தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. தீபாவளிக் கூட்டத்தில் உஸ்மான் சாலை அசையாமல் நின்றாலும் அந்தப் பகுதிக்காரர் நாலு தெரு சுற்றி வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தையொட்டி வீட்டு வசதி வாரியம் அமைத்த அண்ணா நகரும் அப்படித்தான். அங்கே அவென்யூக்களும் குறுக்குத் தெருக்களும் ஒன்றோடொன்று சந்தித்துக்கொண்டே இருக்கும்.

இந்த இடங்களில் முதலில் தெரு வந்தது, பிறகு மனை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் நகரம் பரவியபோது இந்த வரிசை தலைகீழானது.

அது எப்படி நடக்கிறது என்று உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மூன்று ஏக்கர் வாங்குகிறார். புல எண்ணின் எல்லைதான் மனைப்பிரிவின் எல்லை. அந்தக் காலத்தில் ஏர் திரும்பிய வரப்பு இனிமேல் ஒரு நகரத்தின் விளிம்பு. முன்பக்கம் தார்ச்சாலை, அதிலிருந்து உள்ளே முப்பதடி ரோடு, இருபுறமும் மனைகள், கடைசியில் முட்டு. பக்கத்துக் கழனியை இன்னொருவர் வாங்கி அதையே செய்கிறார். இரண்டு முட்டுச் சந்துகளும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நடுவில் ஒரு சுவர். இவர் அவருக்கு வழிவிட்டால் அவருடைய மனையின் விலை ஏறிவிடும் என்பதால் இவர் விடமாட்டார், அல்லது விடுவதற்குக் காசு கேட்பார். சில நேரம் தெருவின் நேர்க்கோட்டிலேயே கடைசியாக ஒரு மனையைப் பிரித்து விற்றுவிடுவார்கள். அதில் ஒரு குடும்பம் வீடு கட்டிக் குடிவந்துவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது. அந்தக் குடும்பத்தின்மேல் எந்தத் தவறும் இல்லை. வரைபடத்தில் மனை என்று போட்டிருந்ததை நம்பிக் கடன் வாங்கி வாங்கியவர்கள் அவர்கள்.

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, 25 கிராம ஊராட்சிகள் உட்பட 42 உள்ளாட்சிகள் அதில் சேர்ந்தன. அந்த ஊராட்சிகளும் ஒரு காலத்தில் இன்று உங்கள் ஊர் நிற்கும் இடத்தில்தான் நின்றன. மாநகராட்சி வந்த பிறகு விளக்கு வந்தது, குப்பை வண்டி வந்தது, பல தெருக்களுக்கு மழைநீர் வடிகாலும் வந்தது. முட்டி நின்ற தெருக்கள் மட்டும் பெரும்பாலும் முட்டியே நிற்கின்றன. அவற்றைத் திறக்க வேண்டுமென்றால் யாருடைய வீட்டையாவது இடிக்க வேண்டும்.

நான் குடியிருக்கும் தென்சென்னைப் புறநகரில் அப்படி ஒரு சுவர் இருக்கிறது. எங்கள் பக்கம் முப்பதடித் தெரு அதில் போய் முட்டுகிறது. அந்தப் பக்கம் இன்னொரு நகர். அதைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடம். காலையில் பிரார்த்தனைப் பாட்டு எங்கள் மொட்டை மாடிக்கே கேட்கும். வரைபடத்தில் நேராக அளந்தால் இருநூறு மீட்டர்கூட வராது. சாலை வழியே போனால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல்; அதில் பாதி, லாரிகள் பறக்கும் பெரிய சாலையில், நடைபாதை இல்லாத ஓரத்தில். சுவரின் ஒரு மூலையில் யாரோ ஹாலோ பிளாக் கல் மூன்றைப் படிபோல அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேலே பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளை அந்த ஓரத்தில் மட்டும் தட்டி எடுத்திருக்கிறார்கள். சிமெண்ட் விளிம்பு கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்று ஆகிவிட்டது. காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் முதலில் புத்தகப் பையை எறிந்துவிட்டு, பிறகு தாங்கள் ஏறிக் குதிப்பார்கள். அவர்களுக்கு முன்பே, விடிந்தும் விடியாத நேரத்தில், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் புடவையைச் சொருகிக்கொண்டு ஏறி இறங்குவார்கள். அவர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களும் உண்டு. கல்லை அவ்வப்போது யாராவது எடுத்துப் போட்டுவிடுவார்கள். இரண்டு நாளில் வேறு கல் வந்துவிடும்.

வரைபடத்தில் இல்லாத ஒரு தெரு அந்த மூலையில் ஒவ்வொரு நாளும் நடக்கிறது. தெரு எங்கே வேண்டும் என்று மக்களின் கால்களுக்குத் தெரிந்திருக்கிறது. மனை பிரித்த நாளில் அவர்களைக் கேட்டவர் யாரும் இல்லை.

தெருக்கள் சேராவிட்டால் நெரிசல் ஏன் கூடுகிறது என்பதை நீங்கள் அறிந்த ஏரிப் பாசனத்தை வைத்தே சொல்கிறேன். மதகிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து கிளை, கிளையிலிருந்து கழனி. தலைப்பில் அடைப்பு விழுந்தால் கடைமடை காயும். தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே திசையில் போகும் தண்ணீருக்கு அந்த அமைப்பு போதும். மனிதர்கள் எல்லாத் திசையிலும் போகிறவர்கள். பால் வாங்கவும், பள்ளிக்கும், கோயிலுக்கும், அக்கா வீட்டுக்கும் போகிறவர்களை ஒரே கிளை வழியாகப் பெரிய சாலைக்குத் தள்ளினால், பக்கத்துத் தெருவுக்குப் போகிறவரும் பெங்களூருக்குப் போகிறவரும் ஒரே சிக்னலில் நிற்பார்கள். அப்புறம் அந்தச் சாலையை அகலப்படுத்த வேண்டும், மேம்பாலம் கட்ட வேண்டும், அதற்காகச் சாலையோரத்துக் கடைக்காரரின் நிலத்தை எடுக்க வேண்டும். உள்ளே நாலு தெருவைச் சேர்த்திருந்தால் அந்தச் செலவில் பெரும் பகுதி தேவைப்பட்டிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய மாமல்லபுரம் சாலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு ஆறு வழி இருந்தும் போதவில்லை. கிழக்கே அதற்கு இணையாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை. நடுவே பக்கிங்காம் கால்வாய். திருவான்மியூரைத் தாண்டித் தெற்கே போனால் ஒரு சாலையிலிருந்து மற்றதற்குப் போகச் சொல்லும்படியான இணைப்பு சோழிங்கநல்லூரில் வருகிறது. அதற்கு அடுத்தது கேளம்பாக்கம்–கோவளம் சாலை. நீலாங்கரையையும் துரைப்பாக்கத்தையும் கால்வாய்க்கு மேலே பாலம் போட்டு இணைக்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. கண்ணுக்கு எதிரே தெரியும் இடத்துக்குப் போக ஊரைச் சுற்றும் நிலை இது.

பேருந்துக்கும் இதே கதிதான். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி இருந்தால்தான் சிற்றுந்து உள்ளே வரும். வந்த வழியே ரிவர்ஸ் எடுத்துத் திரும்ப வேண்டிய தெருவுக்கு எந்தப் போக்குவரத்துக் கழகமும் வண்டி விடாது. பெரிய சாலையில் மரம் விழுந்தாலோ வெள்ளம் நின்றாலோ 108 வண்டிக்கு மாற்று வழி வேண்டும். பூமிக்கடியில் ஓடும் குடிநீர்க் குழாயும் தெருவைத்தான் பின்தொடர்கிறது. தெரு முட்டும் இடத்தில் குழாயும் முட்டும், அந்தக் கடைசியில் தண்ணீர் தேங்கி வண்டல் படியும். குழாய்கள் வளையமாக இணைந்திருந்தால் ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் வரும்.

இது உங்கள் ஊருக்கோ சென்னைக்கோ மட்டும் வந்த வினை அல்ல. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பேரிங்டன்-லீயும் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆடம் மில்லார்ட்-பாலும் உலகம் முழுவதிலும் உள்ள தெருக்களின் இணைப்பை வரைபடங்களையும் செயற்கைக்கோள் தரவுகளையும் கொண்டு அளந்தார்கள். 2020-ல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, 1975-க்குப் பிறகு உலகின் பல பகுதிகளில் புதிதாகப் போடும் தெருக்கள் முன்பைவிட அதிகம் துண்டுபட்டே வந்திருக்கின்றன. முதலில் துண்டாகப் போட்ட பகுதி பின்னால் தானாக இணைந்துகொள்வதில்லை என்பதும் அவர்கள் வலியுறுத்துவதுதான். அதே இருவரும் 2015-ல் அமெரிக்காவைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று இருக்கிறது. முட்டுச் சந்துகளின் தாயகம் என்று சொல்லத்தக்க அந்த நாட்டிலேயே, தெருக்கள் துண்டுபடுவது 1994 வாக்கில் உச்சத்துக்குப் போய், அதன் பிறகு குறையத் தொடங்கிவிட்டது. உள்ளூர் அரசுகள் விதியை மாற்றினால் போக்கு மாறும் என்பதற்கு அது சாட்சி.

அங்கே வர்ஜீனியா மாநிலம் செய்ததை உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் கையில் இருக்கும் பலத்தைக் காட்டுகிறது. அந்த மாநிலத்தில் புறநகர்த் தெருக்களைப் பராமரிப்பது பெரும்பாலும் மாநில அரசின் வேலை. கட்டுமானக்காரர் தெருவைப் போட்டு அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். பனி அள்ளுவது முதல் தார் போடுவது வரை எல்லாம் அரசு செலவு. 2009-ல் அரசு ஒரு நிபந்தனை வைத்தது. பக்கத்துப் பகுதிகளோடு இணையாத தெருக்களை இனி ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்றது. கட்டுமானத் துறை எதிர்த்தது, 2011-ல் விதிகள் ஓரளவு தளர்ந்தன. இருந்தும் ஏற்றுக்கொள்ளும் கை கேள்வி கேட்கலாம் என்பது நிலைத்துவிட்டது.

நம் ஊரில் ஏற்றுக்கொள்ளும் கை உங்களுடையது. மனைப்பிரிவுக்குத் திட்ட அனுமதி தருவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.), நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.) போன்ற அமைப்புகள். ஆனால் அந்த மனைப்பிரிவின் சாலைகளும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடமும் தானப் பத்திரம் மூலம் உங்கள் ஊராட்சியின் பெயருக்குத்தான் வருகின்றன. பிறகு அந்தத் தெருவுக்கு விளக்கு, குப்பை, சாலைப் பராமரிப்பு எல்லாம் ஊர்ப் பணத்தில்தான். முப்பது ஆண்டு பராமரிக்கப் போகிறவர்கள், ‘இந்தத் தெரு எங்கே போகிறது?’ என்று வரைபடத்தைப் பார்த்துக் கேட்காமல் இருக்கலாமா?

இனி நான் சொல்லப்போவதை நீங்கள் விரும்பாமல் போகலாம், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். நம் கிராமங்களில் தெருக்கள் சேராமல் போனதற்குப் புரமோட்டர் மட்டும் காரணம் இல்லை. ஊரும் தலித் மக்களின் காலனியும் தனித்தனியாக இருந்தன. இரண்டுக்கும் நடுவே பாதை இருக்கக் கூடாது என்று சிலர் நினைத்தார்கள், அதற்காகச் சுவரும் எழுப்பினார்கள். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் அப்படி நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008-ல் அரசு இடிக்க வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று மழையில் ஒரு உயர்ந்த மதில் சரிந்து, அதன் அடியில் இருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். நகரம் வரும்போது இந்தப் பழைய கோடுகள் அழியும் என்று நம்பினோம். பல இடங்களில் அவை கான்கிரீட்டில் கெட்டிப்பட்டுவிட்டன. மனைப்பிரிவின் மூன்று பக்கம் கம்பிவேலி இருக்கும். காலனி இருக்கும் நாலாவது பக்கம் மட்டும் எட்டடி மதில் எழும். ‘செக்யூரிட்டி’ என்று அதற்குப் பெயர். அப்படியொரு மதிலைக் காட்டும் வரைபடம் உங்கள் சபைக்கு வந்தால், அந்தப் பக்கம் வாழும் மக்களும் இதே சபையின் உறுப்பினர்கள் என்பதை உரக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கமும் ஒரு தெரு போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று கேளுங்கள்.

முட்டுச் சந்தை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணங்களை நான் தள்ளிவிடவில்லை. வேகமாக வண்டி வராது, குழந்தைகள் தெருவில் விளையாடலாம், வெளியாள் வந்தால் தெரியும் என்கிறார்கள். குழந்தைகள் தெருவில் விளையாட வேண்டும் என்பதுதான் என் ஆசையும். அதற்குச் சுவர் தேவையில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1929-ல் ராட்பர்ன் என்ற குடியிருப்பைக் கிளாரன்ஸ் ஸ்டெய்னும் ஹென்றி ரைட்டும் வடிவமைத்தார்கள். வண்டித் தெருக்கள் அங்கே முட்டித்தான் நிற்கின்றன. ஆனால் வீடுகளின் மறுபக்கம் பூங்காவும், அதன் ஊடாக எல்லா வீடுகளையும் இணைக்கும் நடைபாதையும் வைத்தார்கள். வண்டிச் சாலையைக் குழந்தைகள் கடக்காமலே பள்ளிக்குப் போகும்படி கீழ்ப்பாதையும் இருந்தது. பின்னால் வந்த கட்டுமானக்காரர்கள் முட்டுச் சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். அதன் பிறகு உலகெங்கும் பரவியது இந்தப் பாதிப் பிரதிதான். வண்டியைத் தடுக்க இரண்டு இரும்புக் குழாயை நட்டால் போதும். நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும் வழி இருக்கட்டும். திருட்டைப் பற்றிய பயத்துக்கும் என் பதில் அதுதான்: ஆள் நடமாட்டம் இருக்கும் தெருவில் பத்துக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்.

சாலைக்கு நிலம் போனால் விவசாயிக்கு நட்டம் அல்லவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரே ஒருவரின் நிலத்தைக் கிழித்துக்கொண்டு சாலை போனால் அவருக்கு அநியாயம்தான். குஜராத்தில் இதற்கு வேறு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியின் நில உரிமையாளர்கள் எல்லோரும் நிலத்தைக் கணக்கில் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொருவரும் ஒரு பங்கைச் சாலைக்கும் பொதுத் தேவைக்கும் விட்டுக்கொடுக்கிறார்கள். மீதி நிலம் ஒழுங்கான வடிவத்தில், சாலையைப் பார்த்தபடி, அவரவருக்கே திரும்பி வருகிறது. அகமதாபாத்தைச் சுற்றி ஓடும் 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வட்டச் சாலைக்குப் பெரும்பகுதி நிலம் இப்படித்தான் கிடைத்தது. அதைவிட நெஞ்சைத் தொடுவது பூஜ் நகரம். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில், மதிலுக்குள் இருந்த பழைய ஊரின் குறுகிய, முட்டி நிற்கும் சந்துகளில் மக்கள் வெளியேற வழியில்லாமல் சிக்கினார்கள். மீட்க வந்தவர்களாலும் உள்ளே போக முடியவில்லை. ஊரை மீண்டும் கட்டியபோது இதே முறையில்தான் சந்துகளைத் திறந்து இணைத்தார்கள். சின்னஞ்சிறு மனை வைத்திருந்தவர்களிடம் எதுவும் எடுக்கவில்லை. பெரிய மனைக்காரர்கள் கூடுதலாக விட்டுக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் நிலத் தொகுப்புக்கு இடம் இருக்கிறது. பூஜ் அதைச் செய்தது இடிபாடுகளுக்கு மேலே நின்றுகொண்டு. உங்களுக்கு அந்த நிலை இல்லை. கழனி இன்னும் கழனியாகவே இருக்கிறது.

வண்டிப்பாதைகளைக் காப்பாற்றுவது இதைவிட எளிது, இதைவிட அவசரமும்கூட. கிராமக் கணக்கில் ‘வண்டிப்பாதை’, ‘பாதை’ என்று பதிவான புறம்போக்குக் கீற்றுகள் உங்கள் ஊரில் எத்தனையோ இருக்கும். மாட்டு வண்டி போன பாதை. இப்போது முள் மண்டியிருக்கும். பெரிய வளாகங்களுக்கு நிலம் சேர்க்கும்போது முதலில் காணாமல் போவது இவைதான். இரண்டு பக்கமும் ஒரே ஆள் வாங்கிவிட்டால் நடுவில் இருக்கும் பாதையும் மதிலுக்குள் போய்விடும். பத்து ஆண்டு கழித்து அது பாதை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அந்தக் கீற்றுகள்தான் நாளைய நகரத்தின் குறுக்குத் தெருக்கள். புதிதாக ஒரு சென்ட் நிலம்கூட எடுக்காமல் கிடைக்கும் இணைப்புகள் அவை. ஏரிக்கும் ஓடைக்கும் போகும் வரத்துக் கால்வாய்களின் ஓரம் இருக்கும் நடைவழிகளும் அப்படியே. அவற்றைக் காத்தால் தெருவும் பிழைக்கும், மழைநீர் போகும் வழியும் பிழைக்கும்.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காக வைத்துப் போட்டது. அடுத்து வரும் பெருநகரத் திட்டத்தில் உங்கள் ஊரின் பெயரும் முதன்முறையாக வரலாம். அந்தத் திட்டம் பெரிய சாலைகளைப் பேசும்: எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் அருகே வரை போகும் 130 கிலோமீட்டருக்கும் அதிகமான எல்லைச் சாலை, மெட்ரோ, துணை நகரங்கள். அவை வேண்டும்தான். ஆனால் உங்கள் ஊர்ப் பெண் ரேஷன் கடைக்கு எந்தத் தெரு வழியாகப் போவாள் என்பதை அந்த வரைபடம் சொல்லாது. அதன் அளவுகோலுக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். புலப்படங்களும் ‘அ’ பதிவேடும் சேர்த்து வேண்டும். வரைபடத்தைப் பெரிதாக நகலெடுத்துச் சபை நடக்கும் இடத்தில் சுவரில் மாட்டுங்கள். ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகும் பெண்கள், பால் ஊற்றுகிறவர், தபால்காரர், ஆடு மேய்க்கிறவர், காலனியிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எல்லோரையும் அழைத்து, தாங்கள் நடக்கும் பாதைகளைச் சிவப்புப் பேனாவால் வரையச் சொல்லுங்கள். கணக்கில் இருக்கும் வண்டிப்பாதைகளைப் பச்சையில் குறியுங்கள். மனைப்பிரிவு வந்துவிட்ட இடங்களில் எந்தெந்தத் தெரு எங்கே முட்டுகிறது, அடுத்த நிலம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று தனியே எழுதுங்கள். காலியாக இருந்தால் அங்கே இன்னும் வழி உண்டு.

பிறகு தீர்மானம் போடுங்கள். இந்த ஊராட்சி எல்லைக்குள் வரும் எந்த மனைப்பிரிவின் சாலையும் அடுத்த நிலத்தின் எல்லை வரை திறந்திருக்க வேண்டும். ஏற்கெனவே முட்டி நிற்கும் தெருவுக்கு எதிரே புதிய மனைப்பிரிவு வந்தால் இரண்டும் சேர வேண்டும். சேர முடியாத இடத்தில் நடக்கவும் சைக்கிளில் போகவும் பத்தடிப் பாதையாவது விட வேண்டும். வண்டிப்பாதைப் புறம்போக்கு எதுவும் எந்த மதிலுக்குள்ளும் போகக் கூடாது. தானப் பத்திரம் ஏற்கும் முன் வரைபடம் கிராம சபையின் பார்வைக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்ட அந்த வரைபடத்தின் நகலை அதோடு இணையுங்கள். ஒரு பிரதி சி.எம்.டி.ஏ.வுக்கு, ஒன்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு, ஒன்று மாவட்ட ஆட்சியருக்கு. மூன்றையும் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைத் தீர்மானப் புத்தகத்திலேயே ஒட்டி வையுங்கள்.

அன்புடன்,
தென்சென்னைப் புறநகரில் குடியிருக்கும் ஒருவர்